பீரங்கிக்குக் கொட்டகை தயார்! ஜவான் குடும்பத்துக்கு?

சென்ற ஜூன் மாதம் ஒரு நாள் இரவு நாம் காட்பாடி ஜங்ஷனில் காத்திருந்தோம். வடக்கே போக வேண்டிய ரயில் மூன்று மணி நேரம் தாமதம். நாம் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே நான்கு கறுப்பு இரும்புப் பெட்டிகள். அவற்றின் மூடிகளில் வெள்ளை வர்ணத்தில் ஒரு எண், ஒரு பெயர், ஒரு ரெஜிமெண்டு, ஓர் ஊர். ஊரின் பெயர் மட்டும் புதிதாக எழுதப்பட்டிருந்தது. பழைய ஊரைக் கறுப்பு வர்ணம் பூசி அழித்து, அதன்மேல் புது ஊரை எழுதியிருந்தார்கள். இப்படிப் பல தடவை பூசியதில் அந்த இடத்தில் மட்டும் வர்ணம் தடித்துக் கிடந்தது.

பெட்டிகளுக்கு அருகே ஒரு பெண்மணி, இரண்டு குழந்தைகள், துணைக்கு வந்த தம்பி. கணவர் ராணுவத்தில் நாயக். இரண்டரை ஆண்டு எல்லையில் இருந்துவிட்டு, இப்போது பஞ்சாபில் ஒரு கன்டோன்மெண்டுக்கு மாற்றலாகி முன்னாலேயே போய்விட்டார். குடும்பம் பின்னால் போகிறது.

"எத்தனையாவது மாற்றலம்மா இது?" என்று கேட்டோம்.

"கல்யாணம் ஆயி பதினாறு வருஷம் ஆவுதுங்ணா. இது ஆறாவது வீடு. நடுவுல ரெண்டு தபா மாமியார் வீட்டுல இருந்தோம். அப்ப அவுரு பார்டர்ல. இந்தப் பெட்டியப் பூட்டறதும் தொறக்கறதுமாவே என் காலம் போவுது."

"அங்கே வீடு கிடைத்துவிட்டதா?"

"எங்க? குவார்ட்டர்ஸுக்கு எட்டு மாசம் ஆவும்னு சொல்றாங்கோ. அதுவரைக்கும் வெளியில வாடகைக்குத்தான்."

ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற மகள் நடுவில் புகுந்து சொன்னாள்: "எனக்கு இது அஞ்சாவது ஸ்கூல், மாமா. வருஷக் கடைசியில கிளாஸ் போட்டோ எடுப்பாங்க இல்ல? ஒரு ஸ்கூல் போட்டோவுலயும் நான் இல்ல."

அந்தப் பெண்மணி நர்சிங் படித்தவர். கணவர் எல்லையில் இருந்த காலத்தில் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இப்போது ராஜினாமா செய்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். பேச்சின் நடுவே தமது கைப்பேசியை எடுத்து, யாரோ அனுப்பியிருந்த ஓர் அறிவுரையைச் சிரித்துக்கொண்டே காட்டினார். "மாற்றலை மகிழ்ச்சியோடு எதிர்கொள்ளப் பத்து வழிகள்" என்று அதற்குத் தலைப்பு. பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளிடம் புன்னகையோடு பேசுங்கள், புது ஊரை ஓர் உல்லாசப் பயணமாக எண்ணுங்கள், கணவரிடம் குறை சொல்லாதீர்கள், அவர் தேசத்தைக் காக்கிறார். இப்படியே பத்து உபதேசங்கள்!

உபதேசம் செய்த கனவானுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உபதேசம் யாருக்கு?

பட்டியல் போடுவது தவறா? இல்லை. குழந்தைகளைத் தைரியப்படுத்துவது தவறா? அதுவும் இல்லை. சொல்லப்போனால், இந்தப் பத்து வழிகளையும் கண்டுபிடித்தவர்களே ஜவான்களின் மனைவிமார்தான். எந்தப் பெட்டியில் பாத்திரம், எந்தப் பெட்டியில் புத்தகம், எந்தப் பையில் பள்ளிச் சான்றிதழ் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். புது ஊரில் இறங்கிய அன்றே பக்கத்து வீட்டுக்காரி ஒரு தூக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பதும், பாஷை தெரியாத பெண்ணை இன்னொரு பெண் கடைவீதிக்கு அழைத்துப் போவதும் கன்டோன்மெண்டுகளில் அன்றாட வழக்கம். சமாளிப்பது எப்படி என்று அவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நாம் கேட்பது வேறு. உபதேசம் ஏன் எப்போதும் ஒரு பக்கத்துக்கே செய்யப்படுகிறது? வீடு தயாராக இல்லாத ஊருக்குக் குடும்பத்தை வரச்சொன்ன நிர்வாகத்துக்குப் பத்து வழிகள் எழுதியவர் உண்டா? இடமில்லை என்று கையை விரித்த பள்ளிக்கு எழுதியவர் உண்டா? பொறுமை, புன்னகை, தியாகம் எல்லாம் அந்தப் பெண்ணின் கணக்கில். உத்தரவு போடுவது மட்டும் சர்க்காரின் கணக்கிலா?

ஒரு ரெஜிமெண்டு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கிகளை ஏற்ற ராணுவத் தனி ரயில் வருகிறது. எந்த வண்டியில் எந்தப் பீரங்கி, எத்தனை சங்கிலி, எத்தனை ஆணி என்று எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. போய்ச் சேரும் இடத்தில் அவற்றை நிறுத்தக் கொட்டகை தயார். துடைக்க எண்ணெய் தயார். பீரங்கி வெயிலில் கிடந்து துருப்பிடித்தால் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பீரங்கியைச் சுடுகிறவனின் மனைவியும் மக்களும் எட்டு மாதம் வாடகை வீட்டில் திண்டாடினால் பதில் சொல்ல யாரும் இல்லை! இரும்புக்குக் காட்டும் அக்கறையை மனிதருக்கும் காட்டு என்று கேட்பது தேசத்துரோகமா?

வீடு எங்கே?

ராணுவத்தில் ஒரு பட்டாளம் இரண்டு மூன்று ஆண்டு எல்லைப் பகுதியில் இருக்கும். பிறகு இரண்டு மூன்று ஆண்டு அமைதி நிலையம் என்று சொல்லப்படும் கன்டோன்மெண்டில் இருக்கும். எல்லைக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. அந்தக் காலத்தில் மனைவி சொந்த ஊருக்குப் போக வேண்டும். அல்லது கணவன் இல்லாமல் எங்கேயாவது ஒரு ராணுவக் குடியிருப்பில் தனியே இருக்க வேண்டும். கணவன் அமைதி நிலையத்துக்கு வந்ததும் மறுபடியும் பெட்டி கட்ட வேண்டும். ஆகவே கணவனுக்கு ஒரு மாற்றல் என்றால் குடும்பத்துக்குப் பல சமயம் இரண்டு மாற்றல்.

வீட்டைக் காலி செய்யும் நாள் இருக்கிறதே, அது ஒரு பரீட்சை. "மார்ச்சிங் அவுட்" என்று அதற்குப் பெயர். பல்பு எத்தனை, குழாய் எத்தனை, ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்குவார்கள். குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம். சர்க்கார் வீட்டில் ஒரு பல்பு குறைந்தால் ஜவான் பணம் கட்ட வேண்டும். ஜவானுக்கு வீடே இல்லாமற்போனால் சர்க்கார் என்ன கட்டுகிறது?

வீட்டுப் பஞ்சம் இன்று நேற்றைய சங்கதி அல்ல. மணமான படையினருக்கு ஏறக்குறைய 2 லட்சம் வீடுகள் கட்டும் திட்டம் ஒன்று 2002ல் ஆரம்பமாயிற்று. முதற்கட்டம், இரண்டாம் கட்டம் என்று நீண்டுகொண்டே போய், இருபது ஆண்டு கடந்த பிறகும் மூன்றாம் கட்டம் முடிந்தபாடில்லை. அந்தத் திட்டம் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து ராணுவத்திலேயே சேர்ந்திருக்கும். அவனுடைய தாய்க்கு வாக்களித்த வீடு அவனுடைய மனைவிக்காவது கிடைக்குமா?

ஒரே மாற்றல், இரண்டு தராசு

"படி கொடுக்கிறோமே, மானியம் கொடுக்கிறோமே" என்பார்கள். வாஸ்தவம், கொடுக்கிறார்கள். எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஏழாவது சம்பளக் கமிஷனைத் தொடர்ந்து 2017ல் வந்த விதிகளின்படி, மாற்றலுக்கு மானியம் அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம். புதிதாகச் சேர்ந்த சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் ரூ. 21,700. கணக்குப் போட்டால் மானியம் ரூ. 17,360. லெப்டினன்டின் அடிப்படைச் சம்பளம் ரூ. 56,100. அவருக்கு மானியம் ரூ. 44,880. புது ஊரில் வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்சும், பள்ளிக்கூடத்துச் சீருடையும், புத்தகமும் சிப்பாயின் பிள்ளைக்கு மட்டும் மலிவு விலையிலா கிடைக்கின்றன?

சாமான் விஷயம் இதைவிட வேடிக்கை. சம்பள அட்டவணையில் நான்காவது படிவரை உள்ளவர்கள், அதாவது சிப்பாயும் நாயக்கும், 1,500 கிலோ சாமான் கொண்டு போகலாம். ஐந்தாவது படியில் இருக்கும் ஹவில்தாருக்கு 3,000 கிலோ. அதற்கு மேலே உள்ளவர்களுக்கு 6,000 கிலோ. நாயக்கின் வீட்டில் நான்கு பேர். மேஜரின் வீட்டிலும் நான்கு பேர். நாயக்கின் கட்டில் எடை குறைந்ததா? நாயக்கின் மகள் படிக்கும் புத்தகம் மேஜரின் மகள் படிக்கும் புத்தகத்தில் நான்கில் ஒரு பங்குதான் கனமா?

ராணுவ வாழ்வின் கஷ்டங்களுக்கென்றே தனியாக "ராணுவ சேவைச் சம்பளம்" என்று ஒன்று உண்டு. அது அதிகாரிக்கு மாதம் ரூ. 15,500, ஜவானுக்கு ரூ. 5,200. அதிகாரிகளும் மாற்றலில் அலைகிறார்கள். அவர்கள் குழந்தைகளும் பள்ளி மாறி அழுகிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கஷ்டத்துக்கும் பதவி பார்த்து விலை வைத்தது யார்? பனிமலையின் குளிர் தோள்பட்டை நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்தா அடிக்கிறது?

பள்ளிக்கூடம்: செய்ய முடியும் என்பதற்குச் சான்று

எல்லாம் முடியாத காரியம் என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு பழைய சங்கதியை நினைவூட்டுகிறோம். சீன யுத்தம் நடந்த அதே 1962 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒரு முடிவு செய்தது. ஊர் ஊராக மாற்றலாகும் மத்திய சர்க்கார் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக, நாடெங்கும் ஒரே பாடத்திட்டம் கொண்ட பள்ளிகள் வேண்டும் என்பதே அந்த முடிவு. 1963ல் 20 ரெஜிமெண்டுப் பள்ளிகளை எடுத்து மத்தியப் பள்ளிகளாக ஆக்கினார்கள். இன்று கேந்திரிய வித்யாலயங்கள் என்ற பெயரில் 1,200க்கும் மேல் இருப்பவை அந்த 20 பள்ளிகளின் வாரிசுகளே. சர்க்கார் மனம் வைத்தால், பொதுப் பணத்தைப் போட்டால், மாற்றல் குழந்தையின் பிரச்னையைத் தீர்க்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் அந்தக் காரியமும் பாதியில் நிற்கிறது. ஒரு கேந்திரிய வித்யாலயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் குழந்தைக்கு இடம் சுலபமாகக் கிடைக்கிறது. தந்தை எல்லையில் இருந்தபோது பாட்டி வீட்டில் தங்கி ஊர்ப் பள்ளியில் படித்த குழந்தையின் கதி என்ன? அது காலி இடம் இருக்கிறதா என்று வரிசையில் நிற்க வேண்டும். தந்தை எவ்வளவு ஆபத்தான இடத்தில் இருந்தாரோ, அவ்வளவுக்குக் குழந்தையின் இடம் நிச்சயமற்றதாகிறது! இது என்ன நியாயம்?

பாஷையின் கதையும் அப்படியே. தமிழில் படித்த குழந்தை ஒரே இரவில் இந்திக்கும் இங்கிலீஷுக்கும் மாற வேண்டும். மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால் தமிழ் எழுத வராது. கூடப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். நாட்டின் ஒரு மூலையைக் காக்கப் போனவனின் பிள்ளை தன் சொந்த மூலையின் மொழியை இழக்க வேண்டுமா? குழந்தைக்கு மாதந்தோறும் தரும் கல்விப் படி 2024 ஜனவரி முதல் ரூ. 2,812.50 ஆயிற்று. அந்தப் படியைக் கொண்டு புத்தகம் வாங்கலாம். நழுவிப்போன தாய்மொழியை வாங்க முடியாது. அதற்கு ஆசிரியர் வேண்டும்.

மனைவியின் வேலைக்கு மதிப்பில்லையா?

இனி அந்த நர்சின் கதைக்கு வருவோம். படித்தார், தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தார், வேலை பார்த்தார். பஞ்சாபில் வேலை பார்க்க வேண்டுமானால் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிய வேண்டும். இங்கிருந்து ஒரு சான்று, அங்கே ஒரு மனு, கட்டணம், காத்திருப்பு. காகிதம் கைக்கு வந்து வேலை கிடைத்து நிலைப்பதற்குள் அடுத்த மாற்றல் வந்து நிற்கும். காயம் கட்டத் தெரிந்த கைகள் பெட்டி கட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆஸ்பத்திரிகளில் நர்சுகள் போதாது என்று ஒரு பக்கம் கூக்குரல். பயிற்சி பெற்ற நர்சு வேலையை விட்டுவிட்டுப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

மாநில சர்க்கார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் ஜவானின் மனைவிக்கோ இரண்டே வழி. ஒன்று, வேலையை விட வேண்டும். அல்லது கணவனை விட்டுப் பிரிந்திருக்க வேண்டும். கணவனும் மனைவியும் இருவருமே சர்க்கார் ஊழியராக இருந்தால் கூடியவரை ஒரே ஊரில் நியமிக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரின் சுற்றறிக்கை உண்டு. 2009லும் அதை மறுபடி வலியுறுத்தினார்கள். ஆனால் மாநில எல்லை வந்ததும் அந்தச் சுற்றறிக்கை நொண்டியடிக்கிறது.

வீட்டை ஒழித்து, பெட்டி கட்டி, பள்ளிச் சான்றிதழ் வாங்கி, கியாஸ் இணைப்பு மாற்றி, ஆதார் முகவரி திருத்தி, ரயிலேறி, புது ஊரில் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிற இந்த உழைப்பு யாருக்கான உழைப்பு? அந்தப் பெண் தன் சௌகரியத்துக்காகவா ஊர் மாறுகிறார்? ராணுவத்தின் உத்தரவை நிறைவேற்றுகிறார். ஆகவே அது சர்க்காருக்குச் செய்யும் வேலை. கூலி இல்லாத வேலை. அதற்குக் கூலி கேட்டால் தியாகம் என்று பட்டம் கொடுக்கிறார்கள். பட்டத்தை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் அரிசி வாங்க முடியுமா?

சீட்டுக் குலுக்கிய காலம்

இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரனின் பட்டாளத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், பிரிட்டிஷ் பட்டாளம் கப்பலேறும்போது, நூறு சிப்பாய்களுக்கு நான்கு முதல் ஆறு மனைவிமாரைத்தான் கூட வர அனுமதிப்பார்கள். யார் வருவது என்று துறைமுகத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். "போகலாம்" என்ற சீட்டு எடுத்தவள் கப்பலேறுவாள். "போகக்கூடாது" என்ற சீட்டு எடுத்தவள் கைக்குழந்தையோடு கரையில் நின்று அழுவாள். கும்பினியின் சென்னைப் பட்டாளத்துக்கும் இந்தத் துயரம் புதிதல்ல. 1840களில், குடும்பங்களை நெடுந்தொலைவில் விட்டு ஜபல்பூருக்கு அனுப்பப்பட்ட சென்னைக் குதிரைப்படை ஒன்று, குடும்பப் பிரிவும் படிக்குறைவும் பொறுக்காமல் கட்டளைக்குப் பணிய மறுத்தது.

இன்று சீட்டுக் குலுக்குவதில்லை. அதற்குப் பதில் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. சீட்டைவிடப் பட்டியல் நாகரிகமானது. ஆனால் கரையில் நிற்கும் பெண் இன்னும் கரையில்தான் நிற்கிறாள்.

தனியாரிடம் விட்டால் தீருமா?

"சர்க்காருக்கு இதெல்லாம் தெரியாது, காண்டிராக்டில் விட்டுவிடுங்கள், அமெரிக்காவைப் பாருங்கள்" என்று ஒரு கூட்டம் இப்போதே ஆரம்பித்திருக்கிறது. பார்ப்போமே!

அமெரிக்கா 1996ல் சட்டம் செய்து, ராணுவக் குடும்பங்களின் வீடுகளைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்க ஆரம்பித்தது. என்ன நடந்தது? பூஞ்சை பிடித்த சுவர்கள், ஈய வர்ணம் உதிரும் ஜன்னல்கள் என்று குடும்பங்கள் புகார் செய்தன. ஒரு பெரிய கம்பெனி, பழுதுபார்க்கும் வேலைகளைப் பற்றிப் பொய்க் கணக்குக் காட்டி ஊக்கத்தொகை வாங்கியதாக 2021 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதமும் ஈட்டுத் தொகையுமாகச் சுமார் 6.5 கோடி டாலர் கட்டியது. குடும்பங்களின் சாமான்களை ஊர் மாற்றும் வேலை முழுவதையும் 2021ல் ஒரே காண்டிராக்டாக ஒரு கம்பெனிக் கூட்டுக்குக் கொடுத்தார்கள். லாரி வராமல் குடும்பங்கள் வெறும் வீட்டில் காத்துக் கிடந்தன. 2025 ஜூனில் அந்தக் காண்டிராக்டையே ரத்துச் செய்ய நேர்ந்தது. வேலை தேடும் ராணுவ மனைவியரில் ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை என்று அந்நாட்டு ராணுவ அமைச்சகத்தின் கணக்கெடுப்புகளே சொல்லி வந்திருக்கின்றன. உலகத்திலேயே பணக்கார ராணுவத்தின் லட்சணம் இது! லாபத்துக்கு ஓடுகிறவன் ஜவானின் வீட்டு ஓட்டை அடைக்க மாட்டான்.

குடும்பமே வேண்டாம் என்கிறார்கள்

நம் நாட்டு ஆட்சியாளர்களோ இன்னும் சுலபமான வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2022 ஜூன் 14ல் அறிவித்தார்களே அக்னிபத் திட்டம், அதைத்தான் சொல்லுகிறோம். நான்கே ஆண்டு வேலை. சேருகிறவன் மணமாகாதவனாக இருக்க வேண்டும். நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் இல்லை, அகவிலைப்படி இல்லை, ராணுவ சேவைச் சம்பளமும் இல்லை. மனைவி இல்லை, ஆகவே வீடு வேண்டாம். குழந்தை இல்லை, ஆகவே பள்ளி வேண்டாம். குடும்பங்களின் மாற்றல் பிரச்னை தீர்ந்தது! தலைவலிக்குத் தலையை வெட்டும் வைத்தியம் இதுதான்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் நம்மிடம் உண்டு. ஏரி வறண்டால் பயிர் இல்லை, பயிர் இல்லாவிட்டால் வேலை இல்லை என்ற வட்டாரங்களில், நிலையான சம்பளத்தையும் பென்ஷனையும் நம்பித்தான் தாய்மார்கள் பிள்ளைகளை ரயிலேற்றினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் இப்போது நான்கு ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்.

ஆட்சேபணைகளுக்குப் பதில்

"தெரிந்துதானே சேர்ந்தான்?" என்பார்கள். எல்லைக்குப் போக வேண்டும், குண்டுக்கு மார்பு காட்ட வேண்டும் என்று தெரிந்துதான் சேர்ந்தான். தன் மகளுக்குப் பள்ளியில் இடம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்று எந்த உறுதிமொழியில் எழுதியிருக்கிறது?

"பாங்குக்காரனுக்கும் ரயில்வேக்காரனுக்கும் மாற்றல் இல்லையா?" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. மாற்றல் அநியாயமானால் சங்கம் கேட்கும், பேச்சுவார்த்தை நடக்கும். 1950ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, சங்கத்தில் சேரும் உரிமையையும் பத்திரிகைக்குப் பேசும் உரிமையையும் கட்டுப்படுத்த அதிகாரம் தருகிறது. ஜவான் வாய் திறக்க முடியாது. மனைவிமாருக்கு ஒரு நலச்சங்கம் 1966 முதல் இருக்கிறது. அது செய்யும் உதவிகளை நாம் குறைவாகப் பேசவில்லை. ஆனால் தரைப்படைத் தளபதியின் மனைவி அதற்குத் தலைவி. கணவனின் பதவியே மனைவியின் பதவி என்றால், நாயக்கின் மனைவி அங்கே எந்த நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லுவார்?

"இப்படி எழுதினால் ராணுவத்தின் மனவலிமை குறையும்" என்பார்கள். மனவலிமையைக் குறைப்பது நம் பேனாவா? பனிமலையில் காவல் நிற்கிறவன், "வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், என்ன செய்ய?" என்று மனைவி போனில் கேட்கும்போது என்ன பதில் சொல்லுவான்? அவனுடைய மனம் எங்கே இருக்கும்? குடும்பம் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியைவிடப் பெரிய மனவலிமையை எந்த மேடைப் பிரசங்கம் கொடுத்துவிடும்?

நாம் கேட்பது

எட்டாவது சம்பளக் கமிஷன் அமைக்க 2025 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. ஜவான் அங்கே கொடி பிடித்துப் போக முடியாது. ஆகவே அவனுடைய ஊர்க்காரர்களாகிய நாம் கேட்கிறோம்:

1. மாற்றல் உத்தரவோடு வீடு ஒதுக்கும் உத்தரவும் வர வேண்டும். வீடு இல்லையேல், கிடைக்கும்வரை அந்த ஊரின் உண்மையான வாடகையைச் சர்க்காரே கொடுக்க வேண்டும்.

2. சாமான் எடையிலும் மாற்றல் மானியத்திலும் பதவிப் பாகுபாடு ஒழிய வேண்டும். குடும்பத்தின் தேவையே அளவாக வேண்டும்.

3. முன்பு எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும், மாற்றலில் வரும் குழந்தைக்குக் கேந்திரிய வித்யாலயத்தில் இடம் உறுதியாக வேண்டும். தாய்மொழி ஆசிரியரும் வேண்டும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக் குழந்தை உள்ள குடும்பத்தைப் பரீட்சை முடியும்வரை வீட்டிலிருந்து கிளப்பக்கூடாது.

4. நர்சு, ஆசிரியை போன்றோரின் பதிவு எல்லா மாநிலத்திலும் உடனே செல்ல வேண்டும். மாநில சர்க்கார் வேலையில் இருக்கும் ஜவானின் மனைவிக்கு, வேலையை இழக்காமல் கணவரோடு இருக்க வழி செய்ய வேண்டும்.

5. ஒவ்வொரு கன்டோன்மெண்டிலும், பதவி பார்க்காமல், குடும்பங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி வேண்டும். வீடும் பள்ளியும் பற்றிய முறையீடுகளுக்கு நிர்வாகம் அந்தக் கமிட்டியிடம் பதில் சொல்ல வேண்டும்.

6. அக்னிபத் திட்டத்தை வாபஸ் வாங்க வேண்டும்.

இவையெல்லாம் நாளைக்கே கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. கணவன் எல்லையில் இருக்க, நம் தெருவுக்குத் திரும்பி வரும் பெண்ணுக்குப் பள்ளியில் இடம் கேட்கக் கூடப் போகலாம். ரேஷன் கார்டு, கியாஸ், சான்றிதழ் மனுக்களை எழுதிக் கொடுக்கலாம். தமிழ் மறந்து வந்த குழந்தைக்கு மாலையில் ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வீரர்களைப் புகழ்ந்து பேசுவார்கள். அப்போது எழுந்து நின்று, "புகழ்ந்தது போதும், இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதுங்கள்" என்று கேட்கலாம். அதைச் சட்டம் தடுக்கவில்லை.

அன்று இரவு ரயில் வந்தது. இரண்டு நிமிஷம்தான் நிற்கும். நாமும் தம்பியும் இரண்டு போர்ட்டர்களுமாகப் பெட்டிகளை ஏற்றினோம். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "இந்த ஸ்கூல் போட்டோவுலயாவது நான் இருப்பேனா, மாமா?" என்று கேட்டாள். இருப்பாய் அம்மா என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அது நம் கையில் மட்டும் இல்லை.

ஆனால் நம் கையிலும் இருக்கிறது. பொறுமையை அந்தக் குழந்தைக்குப் போதித்தது போதும். இனிப் பொறுப்பை டெல்லிக்குப் போதிப்போம்!